ஏழு நாற்காலி பார்கள்: ஷின்ஜுகுவில் ஓர் இரவு

தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், குட்டிக் குட்டி பார்கள் நிறைந்த கோல்டன் கய்க்குப் போகிறோம் என்று தெரிந்ததும் அலுவலகத்தில் இன்னும் மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். அண்ணன்தான் தடுத்தார். "அஞ்சு பேரா போனா எந்தக் கடையிலயும் உக்கார முடியாது தம்பி. ரெண்டு பேர்னா இடம் கிடைக்கும். மூணு பேர்னாலே சிரமம்." அவர்களுக்கு வருத்தம்தான். அங்கே போய் முதல் கதவைத் திறந்து பார்த்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது.

வேலை விஷயமாக மூன்று மாதம் தோக்கியோவில் இருந்தேன். அண்ணன் என்று நான் சொல்கிறவர் மதுரைக்காரர். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் வீடு. நான் தங்கியிருந்த அறையும் அவர் வீட்டுக்குப் பத்து நிமிட நடைதான். ஊரில் நான் பாருக்குப் போகிற ஆள் இல்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு, கடைவாசலில் நின்றபடியே அவசரமாக ஊற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன். அந்த இடங்கள் என்றாலே எனக்கு ஒரு கசப்பு. "குடிக்கறதுக்குக் கூப்பிடல, பேசறதுக்கு வா" என்று அண்ணன் சொன்னதால்தான் கிளம்பினேன்.

அது அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை போனதே நாங்கள் செய்த முதல் தவறு. வாரக் கடைசியில் அந்தப் பகுதி முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் நிறைந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது சந்து அமைதியாக இருந்தது, கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. எட்டு மணிக்கு முன்னால் போனாலும் பெரும்பாலும் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் சாப்பாடு. ஷின்ஜுகு நிலையத்தின் மேற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி ஒமோய்தே யோகோச்சோ என்று ஒரு சந்து இருக்கிறது. நினைவுகளின் சந்து என்று பொருள். கரியடுப்பில் குச்சியில் கோத்துச் சுடும் கறிக்கடைகள் வரிசையாக இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கள்ளச்சந்தையாக முளைத்த இடம் அது. கோதுமை மாவுக்குக் கட்டுப்பாடு வந்து நூடுல்ஸ் விற்க முடியாமல் போனபோது, கட்டுப்பாட்டுக்குள் வராத ஒரு பொருளைக் கடைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கப் படையினர் தின்னாமல் ஒதுக்கிய குடலும் ஈரலும்தான் அது. அன்றைக்குப் பசிக்குப் பிடித்த வழி, இன்றைக்கும் அந்தச் சந்தின் அடையாளமாக இருக்கிறது. குடல் கறி எனக்குப் புதிது இல்லை என்பதால் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். ஆனால் அது மாடா பன்றியா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு இங்கே பாடு கஷ்டம்தான். எடமாமே என்கிற உப்புப் போட்ட பச்சை சோயா பீன்ஸ் எங்கேயும் கிடைக்கும். மற்றபடி வெறும் காய்கறி என்று நினைத்து வாங்குவதிலும் மீன் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். வயிற்றை நிரப்பிக்கொண்டு போவது எல்லோருக்கும் நல்லது, பார்களில் சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அண்ணன் ஒரு சிறுகடைக்குள் நுழைந்து, தங்க நிறத்தில் இரண்டு குட்டிப் போத்தல்களை எடுத்து வந்தார். 'உகோன் நோ சிகாரா' என்று பெயர். மஞ்சளின் வலிமை என்று அர்த்தமாம். குடிக்கப் போவதற்கு முன்னால் மஞ்சள் சாறு குடித்துவிட்டுப் போவது அங்கே அலுவலகக்காரர்களின் வழக்கம். அது வேலை செய்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. இத்தனை தூரம் தாண்டி வந்து, மின்விளக்குப் பளபளக்கும் தெருவோரத்தில் நின்று மஞ்சள் குடித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

கோல்டன் கய்க்குப் போகிற வழியில் இரவுக் கேளிக்கைகளுக்குப் பெயர்போன கபுகிச்சோவைத் தாண்ட வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். சினிமாக் கட்டடத்தின் உச்சியிலிருந்து காட்ஸில்லாவின் தலை எட்டிப் பார்க்கும் தெருவில், சூட் போட்ட இளைஞர்கள் நன்றாக ஆங்கிலம் பேசிக்கொண்டு பக்கத்தில் வருவார்கள். "நல்ல பார் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான்" என்பார்கள். தெருவில் ஒலிபெருக்கியே வைத்து, இப்படி அழைப்பவர்கள் பின்னால் போகாதீர்கள் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த ஒருவர் அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனார். உள்ளே சொன்ன விலை ஒன்று, வெளியே வரும்போது கேட்ட தொகை வேறொன்று. ஒரு மாத வீட்டு வாடகை அளவுக்குக் கார்டில் தேய்த்துவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. நல்ல கடைக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. யார் கூப்பிட்டாலும் பதில்கூடச் சொல்லாமல் நடந்துவிடுங்கள். நின்று மரியாதையாக மறுத்தால், அதையே பேச்சுக்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கபுகிச்சோவின் வெளிச்சம் திடீரென்று முடிகிற இடத்தில், பழைய டிராம் பாதையை நடைபாதையாக்கி மரம் நட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம், ஹனசோனோ கோவிலை ஒட்டி ஆறு சந்துகள். அவ்வளவுதான் கோல்டன் கய். அந்த ஆறு சந்துகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பார்கள். ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குப் போகும் இடைவழிகளில் ஒருவர்தான் நடக்க முடியும். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். மரத்தாலான பழைய இரண்டு மாடிக் கட்டடங்கள். கீழே ஒரு கடை, ஏணி மாதிரிச் செங்குத்தான படியேறினால் மேலே வேறொரு கடை. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து சதுர மீட்டர், நம் ஊர் வீட்டின் சமையலறை அளவு. ஆறு பேர், ஏழு பேர், மிஞ்சினால் பத்துப் பேர்.

இதுவும் போருக்குப் பிந்திய இடம்தான். ஷின்ஜுகுவில் தெருக்கடை போட்டவர்களை அப்புறப்படுத்தி இங்கே குடியேற்றினார்கள். பிறகு அனுமதியில்லாத பாலியல் தொழில் நடக்கும் பகுதியாக இருந்து, 1958இல் தடைச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சின்னஞ்சிறு அறைகளெல்லாம் பார்களாக மாறின. எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் நாடகக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். 1980களில் தோக்கியோவின் நிலவிலை வானத்துக்கு ஏறியபோது, இடத்தைக் காலி செய்து பெரிய கட்டடம் எழுப்ப நினைத்தவர்களுக்காக ரவுடிக் கும்பல்கள் நகரில் பல இடங்களில் தீ வைத்தன. கோல்டன் கய் பிழைத்ததற்குக் காரணம், அதை நேசித்தவர்கள் இரவில் முறைபோட்டுக் காவல் இருந்ததுதான். 2016 ஏப்ரலில் ஒரு தீ விபத்தில் சில கடைகள் சேதமாகின. அதையும் தாண்டி நிற்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பி நிற்கும் ஊரில் இந்த மரக் கூரைகள் இன்னும் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

முதல் கதவில் இடம் இல்லை. இரண்டாவது கதவைத் திறந்ததும் உள்ளே இருந்தவர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். நாலு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்களோ என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. அண்ணன் கதவில் இருந்த சிறிய பலகையைக் காட்டினார். 'கைஇன்-செய்' என்று மூன்று எழுத்து. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பொருள், அதாவது தெரிந்தவர்களுக்கு மட்டும். முதல் எழுத்து கூரை வேய்ந்த வீடு மாதிரி இருக்கும், அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். "இத கடைன்னு நினைக்காத தம்பி. ஒருத்தரோட முன்னறைன்னு நினைச்சுக்க. அந்த நாலு நாற்காலிக்கும் ஆளு இருக்கு, பத்து மணிக்கு வருவாங்க. இருபது வருஷமா வர்றவங்களுக்கு எடம் இல்லாமப் போயிடக் கூடாதுல்ல?" வெளிநாட்டவரே வேண்டாம் என்று நினைக்கும் கடைகளும் சில உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் வெளியே ஆங்கிலத்தில் விலை எழுதி வைத்து வரவேற்கும் கடைகள் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அப்படி எழுதியிருக்கும் கதவிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

கதவைத் திறந்ததும் என்ன கேட்பது என்று அண்ணன் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். 'ஃபுதாரி, இய் தேசு கா?' ஜப்பானிய மொழியில் சொற்கள் நம் மொழியின் வரிசையிலேயே வருகின்றன. ஃபுதாரி என்றால் ரெண்டு பேர். இய் தேசு என்றால் சரி. கடைசியில் வரும் 'கா' நம் 'ஆ' மாதிரி, கேள்வியாக்கிவிடும். 'ரெண்டு பேர், சரியா?' என்று தமிழில் நினைத்து, அப்படியே வரிசை மாறாமல் சொல்லலாம். உள்ளே கால் வைப்பதற்கு முன்னால், வாசலில் நின்றபடி இதைக் கேட்க வேண்டும். நான் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் முகங்கள் இளகியதைப் பார்த்தேன்.

கடைப் பெயர்களைச் சொல்லாமல் விடுகிறேன். ஏழே நாற்காலி இருக்கும் இடத்துக்கு, படித்துவிட்டு இருபது பேர் போய் நின்றால் அங்கே வழக்கமாக உட்காருகிறவர்கள்தான் தெருவில் நிற்க வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்த முதல் பார் இசைத்தட்டுகளின் கடை. சுவர் முழுக்கப் பழைய ஜாஸ் தட்டுகள். கடைக்காரர் ஒரு தட்டை எடுத்து, மூச்சு படாமல் துடைத்து, ஊசியை இறக்கிவிட்டு, அப்புறம்தான் எங்களுக்கு விஸ்கி-சோடா கலந்தார். அங்கே அதற்கு ஹைபால் என்று பெயர். சத்தமாகப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் பேசவில்லை. நானும் சும்மா உட்கார்ந்து கேட்டேன். அந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தது. அதை நானே கெடுத்தேன். தட்டு அடுக்கியிருந்த அலமாரியை ஒரு படம் எடுக்கலாம் என்று கைப்பேசியை உயர்த்தினேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் தன் உள்ளங்கையை என் கைப்பேசிக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே மன்னிப்புக் கேட்டு, அவர்கள் எதிரிலேயே அழித்தேன். கடைக்குள்ளே மட்டும் இல்லை, சந்துகளிலேயே அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள் என்று பலகை இருக்கிறது. வேலையில் இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவரோ, நாள் முழுக்க யாரோ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஒரு மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் இருக்க வந்தவரோ, நமக்குத் தெரியாது. கேளுங்கள். சரி என்றால் எடுங்கள்.

கணக்கு வந்தபோது ஒரு ஹைபாலுக்கு ஆளுக்கு 1,700 யென். 900 யென் பானத்துக்கு, 800 யென் உட்கார்ந்ததற்கு. இந்த இருக்கைக் கட்டணத்தைப் பார்த்துத்தான் வெளிநாட்டவர் பலர் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். நானும் முதலில் முகம் சுளித்தேன். யோசித்தால் நியாயம் விளங்கும். ஏழு நாற்காலி. ஒருவர் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். அந்த நாற்காலியின் வாடகை எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்? கட்டணத்துக்குப் பதிலாகச் சிறு கிண்ணத்தில் ஏதாவது தின்பதற்கு வைப்பார்கள், அதை ஒதோஷி என்பார்கள். நீங்கள் கேட்காமலே வரும், திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நான் பார்த்த வரையில் 500லிருந்து 1,500 யென் வரை. கதவில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் உட்காரும் முன் கேட்டுவிடலாம். கட்டணமே இல்லாத கடைகளும் உண்டு. டிப்ஸ் கிடையாது, வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். கார்டு வாங்காத கடைகள் நிறைய. 1,000 யென் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இந்தக் கடைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கின்றன என்பதற்கும் அந்த ஏழு நாற்காலிதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊருக்கெல்லாம் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தக் கடைக்காரருக்கு இல்லை. தன் கிறுக்கைப் பகிர்ந்துகொள்ளும் முப்பது நாற்பது பேர் மாறி மாறி வந்தாலே கடை ஓடிவிடும். அதனால் ஒருவர் பேய்ப்படச் சுவரொட்டிகளுக்கு நடுவே ஹெவி மெட்டல் அலறவிடுகிறார், ஒருவர் சரவிளக்குகளைத் தொங்கவிடுகிறார், ஒருவர் சுவரெல்லாம் நாடக நோட்டீஸ் ஒட்டி வைத்திருக்கிறார். எங்கள் இரண்டாவது பார் அந்த மெட்டல் ரகம். காது வலித்தது, புகை வேறு. 2020இல் வந்த சட்டம் உணவகங்களுக்குள் புகைப்பதைத் தடுத்தாலும், வேலையாள் இல்லாமல் முதலாளியே நடத்தும் சிறு பார்களுக்கு விலக்கு இருப்பதால் இங்கே பல கடைகளில் இன்னும் புகைக்கிறார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கிளாஸோடு எழுந்துவிட்டோம். உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்றாவது வாங்க வேண்டும் என்பதுதான் அங்கே மரியாதை. அது சாராயமாக இருக்க வேண்டியதில்லை, ஊலாங் டீ கேட்டாலும் முகம் கோணமாட்டார்கள்.

மூன்றாவது கடைக்குப் படியேறினோம். பக்கவாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டிய படி. முதுகுப்பை வைத்திருந்தால் இடிக்கும், நிலையத்து லாக்கரிலேயே வைத்துவிடுவது நல்லது. மேலே ஆறு நாற்காலி. கவுண்டருக்குப் பின்னால் எழுபதை நெருங்கும் ஓர் அம்மா. இப்படிக் கடை நடத்தும் பெண்ணை அங்கே எல்லோரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அம்மா என்று பொருள். முதல் தடவை அண்ணன் அந்த முகத்தைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட்டபோது எனக்கு என்னவோபோல் இருந்தது, கொஞ்ச நேரத்தில் நானும் கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

சூடான ஈரத்துண்டு ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். ஒரு சிறு கிண்ணத்தில் வேகவைத்த முள்ளங்கி, இரண்டு துண்டு. குளிராக இருக்கிறது, சூடாகக் குடிக்கிறீர்களா என்று கேட்டார். இமோ ஷோச்சு என்று ஒன்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வடிப்பது, தெற்கே ககோஷிமாவில் பெயர்போனது. அவர் முதலில் கோப்பையில் வெந்நீரை ஊற்றினார். அதன்மேல் ஷோச்சுவை ஊற்றினார். வெந்நீர் முதலில் போனால்தான் இரண்டும் தானாகக் கலக்குமாம், கரண்டி போட வேண்டியதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பொங்கலன்று பானையில் கிழங்கு அவியும்போது மூடியைத் திறந்தால் வருமே, அதே வாசம். கொஞ்சமும் மாற்றமில்லை.

அதைச் சொல்லத் தெரியாமல் கைப்பேசியில் அவித்த கிழங்கின் படத்தைக் காட்டினேன், அண்ணன் மொழிபெயர்த்தார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவரும் ககோஷிமாக்காரர்தான். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அவித்த கிழங்குதான் இருக்குமாம். எதிரே சகுராஜிமா எரிமலை. சாம்பல் பறக்கும் நாளில் துணி காயப்போட முடியாது, கிழங்கை ஊதி ஊதித் தின்பார்களாம். "தமிழில் என்ன?" என்று கேட்டார். கிழங்கு என்றேன். ழகரத்தை நாலு தரம் முயன்று பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவரும் சேர்ந்து முயன்றார். ஆறு நாற்காலி இருக்கும் அறையில் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்காமல் இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. எங்கள் தெருவில் தாத்தா காலத்துத் திண்ணையில் இப்படித்தான் பேச்சு நடக்கும். வழிப்போக்கர் உட்கார்ந்தாலும் அவரையும் சேர்த்துக்கொண்டு பேச்சு போகும். அந்தத் திண்ணையை இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் செய்தோம். அது அந்த இரவில் எனக்கு வலித்தது.

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் பெயர். வாடிக்கையாளர் ஒரு முழுப் போத்தலை வாங்கிக் கடையிலேயே வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் அதிலிருந்து குடிப்பார். போத்தல் கீப் என்று சொல்கிறார்கள். இத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்று கெடு இருக்கும், தாண்டினால் எடுத்துவிடலாம். ஆனால் மேல் தட்டின் ஓரத்தில் ஒரு போத்தல் தூசி துடைத்து, பாதி நிறைந்தபடி இருந்தது. பெயரின் மை மங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்த பெரியவர், தன் நண்பருடையது என்றார். இருவரும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். நண்பர் இறந்து ஆறு வருடம். அவர் நினைவு நாளில் மட்டும் அதிலிருந்து ஒரு சிறு கோப்பை ஊற்றி, காலியான நாற்காலியின் முன்னால் வைப்பார்களாம். "அது தீரும் வரை நான் இருக்க வேண்டும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவருக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். குடிக்கும்போது இடையில் தண்ணீர் வேண்டுமானால் அங்கே 'சேசர்' என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சேசர் குடியுங்கள், மறுநாள் தலை உங்களுக்கு நன்றி சொல்லும்.

அண்ணன் கைப்பேசியைப் பார்த்தபோது மணி 12:20. ஷின்ஜுகுவிலிருந்து தகாதனோபாபா போய், அங்கே தோசாய் லைன் மாறி நிஷி-கசாய் போக வேண்டும். ஷின்ஜுகுவில் ரயில் இருந்தாலும் மாறுகிற இடத்தில் இருக்காது. எல்லோரும் கோட்டைவிடுவது இதில்தான். முதலில் ஏறும் ரயிலின் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், மாறி ஏற வேண்டிய கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து, அதற்கு அரைமணி முன்னால் அலாரம் வையுங்கள். இரவு பத்துக்கு மேல் டாக்சியில் இருபது சதவீதம் கூடுதல். எங்கள் தூரத்துக்கு 8,000 யென்னுக்குக் குறையாது, அது மூன்று பார்களிலும் சாப்பாட்டிலுமாக ஆளுக்கு ஆன 7,500 யென்னைவிட அதிகம்.

அண்ணன் வீட்டுக்கு போன் போட்டார். அண்ணி திட்டவில்லை. "அந்தத் தம்பியத் தனியா விட்டுறாதீங்க, ரெண்டு பேரும் எங்கயாவது வெளிச்சமா இருக்கிற எடத்துல உக்காருங்க" என்றார். இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஓர் உணவகத்தில் சூப் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணன் அந்த நாலு மணி நேரத்தில் பேசியதை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டு வருடத்தில் அப்பாவின் சாவுக்குப் போய்ச் சேர முடியாமல் போனது உட்பட. அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றரை மாதம் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாதிருந்த மனிதர் அவர்.

ஐந்து மணி சுமாருக்கு ஹனசோனோ கோவில் வழியாக நிலையத்துக்கு நடந்தோம். காகங்கள் குப்பைப் பைகளைக் கிழிக்கத் தொடங்கியிருந்தன. கோவில் முற்றத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்தார். எங்களைப் பார்த்ததும், ரயிலை விட்டுவிட்டீர்களா என்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் "கிழங்கு" என்றார். ழகரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அதற்கப்புறம் மூன்று செவ்வாய்க்கிழமை போனோம், ஒவ்வொரு முறையும் பதினொன்றேகாலுக்குக் கிளம்பிவிட்டோம். நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் இருவரும் பாதிப் பாதி போட்டு ஒரு போத்தல் வாங்கினோம். வெள்ளை மைப் பேனாவை அம்மா என்னிடம் நீட்டினார். தமிழிலேயே எழுதச் சொன்னார். 'அண்ணன் - தம்பி' என்று எழுதினேன். எப்படிப் படிப்பது என்று கேட்டு, கீழே தன் எழுத்தில் சின்னதாகக் குறித்துக்கொண்டார். அச்சகப் பெரியவரின் நண்பர் போத்தலுக்கு இரண்டு போத்தல் தள்ளி அதை வைத்தார்.

போன வாரம் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. கேட்டுத்தான் எடுத்தாராம். போத்தலில் முக்கால்வாசி இருந்தது. "நான் ஊலாங் டீதான் குடிக்கிறேன். கெடு பிப்ரவரியோட முடியுதுன்னு மாமா சொல்றாங்க" என்று எழுதியிருந்தார். ஜனவரி கடைசியில் விமான டிக்கெட் என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு போனால், கொஞ்சம் கிழங்கு அவித்த படமும் எடுத்துக்கொண்டு போகலாம்.